குப்பைத்தொட்டிக்குப் போட்ட மதிப்பெண்

சந்தேகம் என்கூடவே பிறந்தது. கோயில் பிரசாதத்திலும் நான் கல் தேடுவேன் என்று வீட்டுக்காரர் கேலி செய்வார். மைசூருப் பள்ளிக் கேன்டீன்களில் பிள்ளைகளுக்குச் சத்தான தீனிதான் விற்கிறார்களா என்று பார்த்து மதிப்பெண் போடும் வேலை எனக்குக் கிடைத்தபோது, "சரியான ஆளைத்தான் பிடிச்சிருக்காங்க" என்றார்.

கையில் ஒரு படிவம் கொடுப்பார்கள். சுண்டல், பழம், இட்லி விற்றால் பச்சைக் கட்டம். சிப்ஸ், பொரித்த பண்டம், கலர் பானம் விற்றால் சிவப்புக் கட்டம். ஆனால் நாங்கள் வருவதை முதல் நாளே பள்ளிக்குப் போனில் சொல்லிவிட வேண்டும். அப்புறம் உண்மை எங்கே தெரியும்? போன இடமெல்லாம் கல்யாண வீட்டுத் தாம்பாளம் மாதிரி ஆப்பிளை அடுக்கி வைத்திருந்தார்கள். ஸ்டிக்கர்கூட உரியாத ஆப்பிள். அதை எந்தப் பிள்ளை தின்றது? அதனால் மேசையை விட்டுவிட்டுக் குப்பைத்தொட்டியைப் பார்க்க ஆரம்பித்தேன். விலைப்பலகை பொய் சொல்லும், தொட்டி சொல்லாது என்பது என் கட்சி. அதற்கும் சிலர் தயாராகிவிட்டார்கள். தொட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு பச்சை போடுவேன். கையில் பிடிபடாததற்கு என்ன எழுதுவது?

அந்தப் பள்ளி ரிங் ரோட்டைத் தாண்டி இருந்தது. கேன்டீன் நடத்திய பெண்ணுக்கு என்னைவிட நாலைந்து வயது குறைவாக இருக்கும். கன்னடத்தில்தான் பேசிக்கொண்டிருந்தோம். நடுவில் வீட்டிலிருந்து போன் வந்து நான் தமிழில் பேசியதும் அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"அக்கா, நீங்க எந்தூருங்க?"

"ஹனூர் பக்கம்."

"அட, எனக்குப் பக்கத்துல ராமாபுரமுங்க! உக்காருங்க, ராகி உருண்டை ஒண்ணு சாப்புடுங்க."

ஊர்ப்பாசம் காட்டி ஆளைக் கவிழ்க்கப் பார்க்கிறாள் என்று தோன்றியது. சொந்த ஊர்க்காரி என்று விட்டுவிட்டாய் என்று நாளைக்கு யாரும் என்னைச் சொல்லிவிடக் கூடாதே என்ற பயமும் சேர்ந்துகொண்டது. உருண்டையைத் தொடவில்லை. நேரே தொட்டிக்குப் போனேன். வாய்வரை நிறைந்திருந்தது. ஒரு குச்சியால் கிளறினால் சிப்ஸ் பாக்கெட்டுகளாக வந்தன.

"அது நான் விக்கறதில்லீங்கக்கா. பசங்க வெளிய பொட்டிக்கடையில வாங்கியாறாங்க" என்றாள், நான் கேட்பதற்கு முன்பே.

எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்கிற கதைதான் என்று நினைத்துக்கொண்டேன். "எல்லாரும் இதத்தான் சொல்றாங்க" என்றேன்.

"செவப்புல போட்றாதீங்கக்கா. இந்த மாசத்தோட என் காண்ட்ராக்ட் முடியுது. உங்க பேப்பரப் பாத்துத்தான் மறுபடி குடுப்பாங்களாம். வேற பொழப்பு இல்லீங்க எனக்கு."

அவள் கெஞ்சக் கெஞ்ச என் சந்தேகம் இறுகியது. தப்பு செய்யாதவள் ஏன் கெஞ்ச வேண்டும்? சிவப்பில் டிக் அடித்தேன். 'ஒளித்து விற்பனை' என்று குறிப்பும் எழுதி அன்றைக்கே அனுப்பிவிட்டேன்.

அதோடு விட்டேனா? கையும் களவுமாகப் பிடிக்காமல் மனசு ஆறவில்லை. அடுத்த வாரம் சொல்லாமல் கொள்ளாமல் போய், இடைவேளை மணி அடிக்கும் நேரத்தில் சைக்கிள் ஸ்டாண்டு ஓரமாக நின்றுகொண்டேன். பிள்ளைகள் ஓடி வந்தார்கள். சிலர் அவளிடம் சுண்டல் வாங்கினார்கள். மற்றவர்கள் தங்கள் பையிலிருந்தே சிப்ஸ் பாக்கெட்டை எடுத்துப் பிரித்தார்கள். தின்று முடித்து அவள் தொட்டியில் போட்டார்கள். அந்த மைதானம் முழுக்க வேறு தொட்டியே இல்லை. கீழே பறந்து கிடந்ததை, கூட்டம் குறைந்த பிறகு, அவளே குனிந்து பொறுக்கித் தொட்டியில் போட்டாள்.

எதிரே போய் நிற்கத் தைரியம் வராமல் திரும்பிவிட்டேன். மறுநாள் நான் எழுதியது தவறு என்று அலுவலகத்தில் கடிதம் கொடுத்தேன். மேலே இருந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அந்தப் பெண் எனக்கு என்ன உறவு என்று கேட்டார். அவருக்கு என் மேல் சந்தேகம். கடிதம் மேசை மேசையாக நகர்ந்து பள்ளிக்குப் போய்ச் சேர்வதற்குள் மாதம் முடிந்து, கேன்டீன் வேறொருவர் கைக்குப் போயிருந்தது.

நான் பள்ளிக்குப் போனபோது அவள் பாத்திரங்களை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தாள். நான் தப்பாக எழுதிவிட்டேன், மன்னித்துக்கொள் என்றேன். அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"செக்கிங் வர்றாங்க, தொட்டியக் கழுவிக் கவுத்துருன்னு எல்லாருஞ் சொன்னாங்கக்கா. நான் ஒளிக்கறதுக்கு என்ன இருக்குதுன்னு அப்படியே உட்டுட்டேன்" என்றாள். பிறகு, கையில் இட்லிக் குண்டானோடு நின்று கேட்டாள்:

"கழுவி வெச்சிருந்தா பச்சை போட்டிருப்பீங்களாக்கா?"

"போட்டிருப்பேன்" என்றேன்.