மலையாண்டி அத்தான் காத்திருந்த குரல்

என் அக்காள் புருஷன் மலையாண்டியைப் பற்றி எழுத வேண்டுமென்றால் முதலில் என் வாயைப் பற்றி எழுத வேண்டும். எனக்கு வாய் நீளம். டீச்சர் வேலைக்குப் போன பிறகு அது இன்னும் ஒரு முழம் நீண்டுவிட்டதாக ஊரில் சொல்வார்கள். அந்த வாயால் நான் சொன்ன ஒரு பேச்சுதான் அந்த மனுஷனை எட்டு வருஷம் மார்கழிப் பனியில் உடைமுள் காட்டுக்குள் நிற்க வைத்தது.

எங்கள் ஊர் உச்சிப்புளிக்கும் புதுமடத்துக்கும் நடுவில் இருக்கிறது. வயலுக்குத் தெற்கே, கடற்கரை மணல் தொடங்கும் வரை உடைமரக் காடு. பெரிய காடு என்று நினைத்துவிட வேண்டாம். தலைக்கு மேல் ஒரு கை உயரம்தான் இருக்கும். ஆனால் குடை குடையாக விரிந்து, முள்ளோடு முள் பின்னிக் கிடக்கும். பத்தடிக்கு அப்பால் நிற்கிற ஆள் தெரியாது. மார்கழியில் பனி இறங்கிவிட்டால் அந்தப் பத்தடியும் கிடையாது. கடல் இரைவது கேட்கும், எந்தப் பக்கம் என்று சொல்ல முடியாது.

தை அறுப்புக்கு முன்னால் ஆடு மாடு வயலில் இறங்காதபடி வேலி அடைக்க அங்கே போய் முள் வெட்டுவார்கள். போகிறவர்களுக்கு ஒரு முறை உண்டு. காட்டுக்குள் யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டால் முதல் தடவைக்கும் இரண்டாம் தடவைக்கும் வாய் திறக்கக் கூடாது. பேய் இரண்டு தடவைக்கு மேல் கூப்பிடாதாம். மூன்றாவது கேட்டால்தான் மனுஷக் குரல். எந்தப் பேய் வந்து இந்தக் கணக்கைச் சொல்லிக் கொடுத்ததோ! ஆனால் எங்கள் ஆட்களுக்கு அது கும்பிடுவது போலப் பழகிப்போன ஒன்று.

அத்தான் கூலிக்கு முள் வெட்டுகிறவர். நெட்டையான ஆள், பேச்சு குறைவு. கவைக்கம்பால் கிளையைத் தள்ளிப் பிடித்து அடியில் ஒரே வெட்டு வெட்டுவார். உடம்பில் ஒரு கீறல் இருக்காது. அக்காள் செவ்வந்தியைக் கட்டி நாலு வருஷம் ஆகியிருந்தது. பிள்ளை இல்லை. இருந்தாலும் ஒருவரை ஒருவர் குறை சொல்லி நான் கேட்டதில்லை.

ஐம்பத்தொன்றாம் வருஷம் மார்கழியில் ஒரு காலை, அவள் கஞ்சிக் கலயத்தோடு அவரைத் தேடிக் காட்டுக்குள் போனாள். நடுக்காட்டில் ஒரு பாழுங்கிணறு உண்டு. கொடி படர்ந்து வாய் மூடிக் கிடக்கும். கார்த்திகை மழைத் தண்ணீர் பாதிக்கு நின்றது. பனியில் தெரியாமல் காலை வைத்துவிட்டாள். மத்தியானம்தான் கண்டுபிடித்தார்கள். நெற்றியில் பெரிய காயம் இருந்தது.

கருமாதி அன்றைக்குத்தான் அத்தான் வாய் திறந்தார். "முள்ளு வெட்டிக்கிட்டு இருக்கப்ப ஒரு பொம்பளக் குரலு 'மலையாண்டி'ன்னுச்சு. அவ குரலு மாதிரியே இருந்துச்சு. ரெண்டு தடவ கேட்டுச்சு. மூணாவதுக்குக் காத்துக்கிட்டே இருந்தேன். வரல."

கேட்டவர்கள் எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். 'ஏன்' என்று பதில் கொடுக்காமல் இருந்தது நல்லதாகப் போயிற்று, அது பேய்தான். கட்டின புருஷன் பேரை எவளாவது சொல்லிக் கூப்பிடுவாளா? செவ்வந்தி நாலு வருஷத்தில் ஒரு நாள் சொல்லியிருப்பாளா? விழுந்ததுமே மண்டையில் அடிபட்டு நினைவு போயிருக்கும். அவள் எங்கே கூப்பிட்டாள்?

எனக்குப் பதினேழு வயது. அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. "சாகப் போறவளுக்கு மொறையென்ன கிறையென்ன! அது எங்க அக்காதான்" என்று கத்தினேன். என்னை இழுத்து உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். சாத்துவதற்கு முன்னால் அத்தான் முகத்தைப் பார்த்துவிட்டேன். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு என் மேலேயே வெறுப்பு வரும்.

கிணற்றைத் தூர்த்துவிட்டார்கள். இடுப்பளவு பள்ளம் மட்டும் மிஞ்சியது. அத்தான் மறுமணம் செய்யவில்லை. எங்கள் வீட்டை அடுத்தே தனியாகப் பொங்கித் தின்றுகொண்டு இருந்தார். மார்கழி பிறந்துவிட்டால் தினமும் விடியும்போதே காட்டுக்குப் போய்விடுவார். திரும்பி வரும்போது தலையில் ஒரு முள்கட்டுகூட இருக்காது.

ஐம்பத்தொன்பதில் அரைப் பரீட்சை லீவுக்கு ராமநாதபுரத்திலிருந்து வந்தவள், என்னதான் செய்கிறார் பார்ப்போமென்று ஒரு நாள் அவரோடு கிளம்பினேன். வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை.

அந்த நடையை நான் மறக்கவே மாட்டேன். முள் ஒவ்வொன்றிலும் சிலந்திவலை பனியில் நனைந்து தொங்கியது. மயில் ஒன்று எங்கோ அகவியது. முன்னால் போகிற அத்தான் முதுகு கொஞ்சம் கொஞ்சமாக அழிந்து, நான் எட்டி நடந்தால் திரும்பத் தெரிந்தது. காலடிச் சத்தம் மணலில் கேட்கவில்லை. பின்னால் யாரோ வருவதாக இரண்டு முறை திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பேய் நம்பிக்கை கிடையாது என்று வகுப்பில் பிள்ளைகளிடம் வீரம் பேசுகிறவள் நான்.

ஒரு தடித்த உடைமரத்தடியில் நின்றார். அன்றைக்கு அவர் முள் வெட்டிய இடம்.

"இங்கன நின்னு என்ன அத்தான் பாக்குறீக?"

"பாக்கல. கேக்குறேன்."

"என்னத்தை?"

மரத்தில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு சொன்னார். "பேயா இருந்தா இன்னொரு தடவ கூப்பிடாமலா போயிரும் லெச்சுமி? அது திரும்பக் கூப்பிட்டுச்சுன்னா அன்னைக்கிக் கூப்பிட்டதும் அதுதான். எனக்கு அது போதும்."

எல்லோரும் பேய் வரக்கூடாது என்று வேண்டிக்கொள்கிற காட்டில், இந்த மனுஷன் அது வர வேண்டுமென்று எட்டு வருஷமாக நிற்கிறார். உச்சிப்புளியில் காலை ரயில் ஊதியது. "இன்னைக்கும் இல்ல" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார்.

அன்று இரவே முடிவு செய்துவிட்டேன். என் குரல் அக்காள் குரல் மாதிரியே இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். என் வாயால் வந்தது என் வாயாலேயே போகட்டும். அவர் வருவதற்கு முன்னால் போய் அந்தப் பள்ளத்தில் உட்கார்ந்துகொண்டு இரண்டு தடவை கூப்பிட வேண்டும். மறுபக்கமாக ஓடி வீட்டுக்கு வந்துவிட வேண்டும். அவர் முறை தவறாத ஆள். மூன்றாவதுக்குக் காத்திருப்பார், அது வராது, நிம்மதியாகத் திரும்புவார். கிணற்றில் கிடந்தவளை அவர் கைவிடவில்லை என்று ஆகிவிடும்.

விடியும்போதே போய்ப் பள்ளத்தில் குந்தினேன். மண் சில்லென்று இருந்தது. இதற்கு அடியில்தான் அவள் தண்ணீரில் தவித்தாள் என்று நினைத்ததும் கால் விரல்களை மடக்கிக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் அத்தான் செருமுகிற சத்தம் கேட்டது. மரத்தடிக்கு வந்துவிட்டார் என்று தெரிந்தது. அக்காள் புருஷன் பேரை நானும் வாழ்நாளில் சொன்னதில்லை. நாக்கு எழவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கூப்பிட்டேன்.

"மலையாண்டி!"

அது என் குரலே இல்லை. செவ்வந்தி அக்காள் குரல், அப்படியே. பனிக்குள் போன அந்தக் குரல் எங்கோ பட்டுத் திரும்பி வந்தது. யார் கூப்பிட்டது என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. இரண்டாவது தடவைக்கு மூச்சை இழுத்தேன்.

அதற்குள் காடு முறிந்தது. கிளை ஒடிகிற சத்தம், துணி கிழிகிற சத்தம், நேரே என்னைப் பார்த்து வந்தது. வழி சுற்றி வரவில்லை, முள்ளைப் பிளந்துகொண்டு வந்தது. "வந்துட்டேன்! வந்துட்டேன் செவ்வந்தி!" என்ற கதறல் என் தலைக்கு மேல் கேட்டது. பள்ளத்து விளிம்பில் குப்புற விழுந்து கையை உள்ளே நீட்டினார். முகமெல்லாம் ரத்தம். கையில் அரிவாளும் இல்லை, கவைக்கம்பும் இல்லை.

நான் கையைக் கொடுத்தேன். வேறென்ன செய்வது? மணிக்கட்டைப் பிடித்து ஒரே இழுப்பில் மேலே கொண்டுவந்து மணலில் போட்டார். அப்புறம்தான் என் முகத்தைப் பார்த்தார்.

நான் ஓவென்று அழுதேன். "தப்பு அத்தான். ஒங்க மனசு ஆறட்டும்னுதான்..."

கோபமே இல்லை அவரிடம். மூச்சு வாங்க என்னையும் பள்ளத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தான் ஓடி வந்த பக்கம் திரும்பினார். பனி கொஞ்சம் விலகி, அவருடைய உடைமரம் மங்கலாகத் தெரிந்தது.

"நீ எத்தன தடவ கூப்பிட்ட, லெச்சுமி?"

"ஒரு தடவதான்."

"ரெண்டாவது கூப்பிடுறதுக்குள்ள வந்துட்டேன்" என்றார். அதைப் பெருமையாகச் சொன்னாரா, சாகிறவன் போலச் சொன்னாரா என்று எனக்குத் தெரியவில்லை. "அப்ப, அன்னைக்கும் வந்திருக்கலாம்ல?"

எனக்கு நீள வாய் என்று சொன்னேன் அல்லவா? அந்த வாயை முந்தானையால் பொத்திக்கொண்டேன். அவர் எழுந்து நடந்தார். பிடித்த மணிக்கட்டை விடாமலே நடந்தார். எலும்பு நோக நோக வீட்டு வாசல் வரை கூடவே போனேன். விடுங்கள் என்று நான் சொல்லவில்லை.