பெயரில்லாத நோய்க்குள் அம்மா இருந்த பதினோரு ஆண்டுகள்

இந்த நினைவு மலரின் முன்பக்கத்தில் அச்சிட அம்மாவின் படம் தேடி, அப்பாவும் நானும் டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். திருமணப் படம் ஒன்று இருந்தது. வளைகாப்புப் படம் ஒன்று இருந்தது. அதற்குப் பிறகு பதினோரு ஆண்டுகளுக்கு அம்மாவின் படமே இல்லை. என் காதுகுத்து, சித்தப்பாவின் கல்யாணம் என்று எல்லாப் படங்களிலும் உறவினர்கள் வரிசையாக நிற்கிறார்கள். அந்த நாட்களில் எல்லாம் அம்மா அதே வீட்டின் உள்ளறையில்தான் படுத்திருந்தார்.

அந்த ஆண்டுகளை விட்டுவிடு, நல்லதை மட்டும் எழுது என்று உறவினர் சிலர் சொன்னார்கள். அப்பாவிடம் கேட்டேன். "நடந்தத எழுதும்மா. என்னைப் பத்தியும் எழுது" என்றார். எழுதுகிறேன்.

அம்மா வத்திராயிருப்புக்கு அருகே மகாராஜபுரத்தில், நெல்லும் தென்னையும் வைத்திருந்த குடும்பத்தில் ஐந்து பிள்ளைகளில் மூன்றாவதாகப் பிறந்தார். வத்திராயிருப்புக்கு நடந்தே போய்ப் பள்ளிப் படிப்பை முடித்தார். ஆசிரியப் பயிற்சி பெற்று செட்டியார்பட்டியில் ஒரு தொடக்கப் பள்ளியில் சேர்ந்தார். ராஜபாளையத்தில் பஞ்சாலை ஒன்றில் ஃபிட்டராக இருந்த அப்பாவுக்கு வாழ்க்கைப்பட்ட பிறகும் தினமும் பஸ் ஏறிப் பள்ளிக்குப் போனார். வேகமான நடை, கணீரென்ற குரல். மூன்றாம் வகுப்பில் அம்மா வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளும் சேர்ந்து சொல்லும் என்று அவருடன் வேலை பார்த்த ஆசிரியை ஒருவர் எனக்குச் சொல்லியிருக்கிறார். நான் அந்தக் குரலைக் கேட்டதில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில், தாய்வீட்டில் நான் பிறந்தேன். பிறந்த பின் அம்மாவுக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. மாமா ஒரு வேன் பிடித்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கொண்டு போனார். வழியிலேயே அம்மாவுக்கு நினைவு தப்பிவிட்டது. மாமாவும் இன்னொருவரும் ரத்தம் கொடுத்தார்கள். பத்து நாள் கழித்து அம்மா உயிரோடு வீடு திரும்பியபோது, பெரிய கண்டம் தாண்டிவிட்டது என்று இரண்டு குடும்பங்களும் கோயிலுக்குப் போய்ப் பொங்கல் வைத்தன.

அம்மாவுக்குப் பால் சுரக்கவில்லை. ஒரு சொட்டுக்கூட இல்லை. 'அம்புட்டு ரத்தம் போன உடம்புல பால் எப்படி ஊறும்' என்றார்கள். பக்கத்து வீட்டு அம்மா ஒருவர் தன் பிள்ளையோடு சேர்த்து எனக்கும் பால் கொடுத்தார். மாதவிலக்கும் அதற்குப் பிறகு அம்மாவுக்கு வரவே இல்லை. நினைவு மலரில் இதையெல்லாம் எழுதலாமா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். அன்றைக்கு யாரும் வாய்திறந்து சொல்லாத இந்த இரண்டு செய்திகளால்தான் அம்மா பதினோரு ஆண்டுகளை இழந்தார். அதனால் எழுதுகிறேன்.

ஒரே நாளில் எதுவும் நடக்கவில்லை. முதலில் பள்ளியிலிருந்து வந்ததும் படுத்துக்கொண்டார். பிறகு பள்ளியிலேயே நாற்காலியில் உட்கார்ந்தபடி தூங்கினார். ஒரு நாள் வகுப்பு நடுவில் மயங்கி விழுந்ததும், உடம்பு தேறிய பின் வரலாம் என்று தலைமையாசிரியர் அனுப்பிவிட்டார். அம்மா மீண்டும் அந்தப் பள்ளிக்குள் போகவே இல்லை. முகம் ஊதி வெளுத்தது. புருவம் உதிர்ந்தது. குரல் கரகரத்து, ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவே நீண்ட இடைவெளி விழுந்தது. சித்திரை வெயிலில் நாங்கள் விசிறியோடு உட்கார்ந்திருக்க, அம்மா கம்பளியைக் கழுத்து வரை இழுத்துப் போர்த்திக்கொண்டு குளிருகிறது என்பார்.

அப்பாவின் அக்கா, என் அத்தை, கணவரை இழந்து எங்களோடு இருந்தார். சமையல், என் பள்ளிக்கூடம், அப்பாவின் ஷிப்டுக்குச் சாப்பாடு எல்லாம் அவர் தலையில் விழுந்தது. "ஏட்டி, எந்திரிச்சு ரெண்டு குடம் தண்ணி எடுத்தா என்ன? நாங்கல்லாம் பிள்ள பெறலையா?" என்று கேட்பார். அம்மா எழ முயல்வார். பாதி எழுந்து சுவரைப் பிடித்து நிற்பார். மறுபடி உட்கார்ந்துவிடுவார்.

நான் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது, ஒரு நாள் அம்மா பேச்சுக் குழறித் தெருவில் இறங்கி நடந்து, எங்கே போகிறோம் என்று தெரியாமல் பஸ் வரும் சாலையில் நின்றுவிட்டார். அன்றிலிருந்து அத்தை கடைக்குப் போகும்போது உள்ளறைக் கதவை வெளியே தாழிட்டுவிட்டுப் போனார். பயத்தில் செய்தார், வெறுப்பில் செய்யவில்லை என்று இப்போது எனக்குப் புரிகிறது. பள்ளி விட்டு வந்ததும் தாழை நான்தான் திறப்பேன். அம்மா வெளியே வர மாட்டார். கதவு திறந்ததா என்று பார்க்கக்கூட முகத்தைத் திருப்ப மாட்டார்.

அந்த நாட்களில் உனக்குள் என்ன இருந்தது என்று பின்னாளில் ஒரு முறை கேட்டேன். "எல்லாம் கேக்கும்ட்டி. நீ அழுறது கேக்கும். எந்திரிக்கணும்னு நெனைப்பேன். நெனச்சு முடிக்கதுக்குள்ள நீ அழுது முடிச்சிருவ" என்றார்.

அப்பா வைத்தியம் பார்க்காமல் இருக்கவில்லை. ரத்தசோகை என்றார் ஒரு டாக்டர். இரும்புச் சத்து மாத்திரை, டானிக், ஊசி. ஒன்றும் ஆகவில்லை. மனநோய் என்றார் இன்னொருவர். அவர் கொடுத்த மாத்திரையில் அம்மா நாள் முழுக்கத் தூங்கினார். பேய் பிடித்திருக்கிறது என்று ஓர் ஊருக்குக் கூட்டிப் போய் மூன்று நாள் தங்க வைத்தார்கள். எல்லா இடத்திலும் அப்பாதான் பேசினார். "எப்பவும் படுத்தே கெடக்கா, குளிருதுங்கா, சாப்பிட மாட்டேங்கா" என்பார். பால், மாதவிலக்கு பற்றி அப்பாவுக்குச் சொல்லத் தெரியவில்லை. டாக்டர்களும் அவரிடம் கேட்கவில்லை. அம்மாவிடம் கேட்டாலும், பதில் வருவதற்குள் அடுத்த நோயாளி உள்ளே வந்துவிடுவார்.

நான் நான்காம் வகுப்பு படிக்கும்போது, இரண்டாம் கல்யாணம் செய்துகொள் என்று அப்பாவை உறவினர்கள் நெருக்கினார்கள். சிவகாசிப் பக்கம் ஒரு பெண் பார்க்க ஏற்பாடாயிற்று. கிளம்பும் முன் அப்பா உள்ளறை வாசலில் நின்றார். அம்மாவுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. "போயிட்டு வாங்க" என்றார். சிறிது நேரம் கழித்து, "பிள்ளைக்குத் தல பின்ன ஆள் வேணும்ல" என்றார். அப்பா போனார். அவர்கள் கொடுத்த காப்பியைக் குடித்தார். திரும்பி வந்தவர் அந்தப் பேச்சை அதோடு விட்டுவிட்டார். அம்மா அழுதிருந்தால் ஒருவேளை சம்மதித்திருப்பேன், அழக்கூடத் தெம்பில்லாதவளை விட்டுவிட்டு எப்படிப் போவது என்று இந்தக் கட்டுரைக்காகக் கேட்டபோது சொன்னார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ராஜபாளையத்தில் ஒரு டாக்டர், அம்மாவின் முகத்தைப் பார்த்ததுமே தைராய்டாக இருக்கலாம் என்றார். ரத்தம் எடுத்து மதுரைக்கு அனுப்பினார். தைராய்டு சுரப்பு மிகக் குறைவு என்று முடிவு வந்தது. பதினோரு ஆண்டுகளில் முதன்முறையாக அந்த நோய்க்கு ஒரு பெயர் கிடைத்தது. அப்பா அந்தத் தாளைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு மில்லில் எல்லோரிடமும் காட்டினாராம். மாத்திரை தொடங்கியது. சில நாள் அம்மாவின் கண் கொஞ்சம் தெளிந்தது. இரண்டாவது வாரம் வாந்தி. அதன் பிறகு எழுந்து உட்கார்ந்தாலே மயக்கம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கை கால் சில்லிட்டு, கூப்பிட்டால் பதில் இல்லாமல் கிடந்தார். ராஜபாளையத்து டாக்டர் அன்று ஊரில் இல்லை. வாடகைக் கார் பிடித்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஓடினோம்.

அங்கே பொது மருத்துவம் படித்த டாக்டரம்மா ஒருவர் புதிதாக வந்திருந்தார். அம்மாவுக்கு ரத்த அழுத்தம் பிடிபடவே சிரமமாக இருந்தது. ரத்தத்தில் சர்க்கரை அடியில் கிடந்தது. குளுக்கோஸும் உப்புநீரும் ஏற்றிக்கொண்டே டாக்டரம்மா மதுரைத் தாளை வாங்கிப் படித்தார். அம்மாவின் புருவத்தை விரலால் தடவினார். கையைத் தூக்கி அக்குளைப் பார்த்தார்; அங்கும் முடி இல்லை.

"தைராய்டு மட்டும் கெட்டிருந்தா இந்த மாத்திரையில தேறணும். ஏன் இப்படிச் சாயுறாங்க?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டவர், திரும்பி, "ஆம்பளைங்க செத்த நேரம் வெளிய நில்லுங்க" என்றார்.

அப்பாவும் மாமாவும் வெளியே போனார்கள். அத்தையும் நானும் இருந்தோம்.

"இந்தப் பிள்ள பொறக்கும்போது ரத்தம் ரொம்பப் போச்சா?"

"போச்சு தாயி. செத்துட்டான்னே நெனச்சோம்" என்றார் அத்தை.

"பால் இருந்துச்சா?"

"ஒரு சொட்டு இல்ல."

"அதுக்குப் பொறவு வீட்டுக்கு விலக்காச்சா?"

அத்தை என்னைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "இல்ல தாயி. ஒரு தடவகூட இல்ல. இதை யாரும் கேக்கல" என்றார்.

டாக்டரம்மா அடுத்த நிமிடமே நர்ஸைக் கூப்பிட்டு ஸ்டீராய்டு ஊசி ஒன்றை நரம்பில் போடச் சொன்னார். பிறகு அப்பாவை உள்ளே அழைத்து விளக்கினார். மூளைக்கு அடியில் பயறு அளவில் ஒரு சுரப்பி இருக்கிறது. உடம்பில் உள்ள மற்ற சுரப்பிகளை வேலை வாங்குவது அது. பேறுகாலத்தில் ரத்தமெல்லாம் போனபோது அந்தச் சுரப்பி ரத்தம் கிடைக்காமல் பட்டுப்போய்விட்டது. அதனால் பால் இல்லை, விலக்கு இல்லை, தைராய்டு இல்லை, உடம்பைத் தாங்கிப் பிடிக்கிற ஸ்டீராய்டும் இல்லை. "தைராய்டு மாத்திரை தப்பில்ல. அதுக்கு முன்னால ஸ்டீராய்டு குடுத்திருக்கணும். வெறும் தைராய்டு மட்டும் குடுத்தா, மிச்சம் மீதி இருக்கிற கொஞ்ச ஸ்டீராய்டும் செலவாகிப் போகும். ஆனா அந்த டாக்டர் பாதி தூரம் சரியா வந்துட்டாரு. அதனாலதான் நான் மீதியப் பார்க்க முடிஞ்சது."

மறுநாள் மதியம் அம்மா தானாக எழுந்து உட்கார்ந்தார். பசிக்கிறது என்றார். அத்தை ஊட்டிய இட்லியை, போதும் என்று சொல்லாமல் சாப்பிட்டார். நாலைந்து நாளில் வார்த்தைகள் நெருங்கி வரத் தொடங்கின. டாக்டரம்மா வந்து நோயைப் பற்றி அம்மாவிடமே மறுபடி சொன்னபோது, அம்மா கேட்டது ஒன்றுதான்.

"அப்ப நான் சோம்பேறி இல்லையா?"

"இல்லம்மா."

"இத இவங்ககிட்டயும் சொல்லுங்க."

அப்பாவும் அத்தையும் அங்கேதான் நின்றிருந்தார்கள். டாக்டரம்மா அவர்களைப் பார்த்துச் சொன்னார். அத்தை சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். மற்றவர்கள் சொன்னது பெரிதல்ல. பதினோரு ஆண்டுகளாக அம்மாவே தன்னைச் சோம்பேறி என்று நம்பியிருந்தார் என்பதுதான் என்னால் இன்றும் தாங்க முடியாதது.

ராஜபாளையத்து டாக்டர் விஷயம் கேள்விப்பட்டு பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூருக்கே வந்தார். அம்மாவின் கட்டிலருகே நின்று, "நான் இன்னும் ரெண்டு கேள்வி கேட்டிருக்கணும்மா" என்றார். அம்மா அவரை உட்காரச் சொன்னார்.

இனி எல்லாம் நலம் என்று நான் நினைத்தேன். அப்படி இல்லை. ஸ்டீராய்டும் தைராய்டும் ஒரு நாளும் தவறக்கூடாது. காய்ச்சல் வந்தால் ஸ்டீராய்டை இரட்டிப்பாக்க வேண்டும்; வாந்தி வந்தால் உடனே ஊசி. நோயின் பெயர் எழுதிய அட்டை இல்லாமல் தெருமுனைக்கும் போகக் கூடாது. ஊரில் கலவரமாகி பஸ்ஸும் கடையும் நின்ற ஒரு வாரத்தில், மாத்திரை தீரப்போகிறதே என்று அம்மா வெளிறிப்போய் உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். இன்னொரு பிள்ளை பெறும் வயதும் வாய்ப்பும் போயிருந்தன. பள்ளி வேலையும் போயிருந்தது. வீட்டிலேயே தெருப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார்.

என் மனத்தில் கிடந்ததை ஒரு நாள் கேட்டுவிட்டேன். நான் பிறந்ததால்தானே உனக்கு இப்படி ஆயிற்று என்றேன். அம்மா வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். "கூறுகெட்டவளே, அன்னைக்கு நீயும்தான் பால் இல்லாமச் சாகக் கெடந்த. ரெண்டு பேரும்ல தப்பிச்சோம்" என்றார். நறுக்குவதை நிறுத்தவில்லை.

ஒரு கோடையில் வத்திராயிருப்பிலிருந்து வரும் பஸ்ஸில், கொளுத்தும் வெயிலில் சால்வை போர்த்தி ஜன்னலோரம் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். ஊதிய முகம், புருவம் இல்லை. அம்மா எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"தங்கச்சி, குளிருதா?"

"ஆமாக்கா" என்று மெதுவாகப் பதில் வந்தது.

அம்மா அவர் காதருகே குனிந்து, பேறுகாலத்தைப் பற்றி விசாரித்தார். உடன் வந்த மாமியார், "ஒனக்கு எதுக்கு அந்தக் கதையெல்லாம்?" என்று கோபப்பட்டார். "நானும் பதினோரு வருசம் இப்படித்தான் கெடந்தேன்" என்று அம்மா தன் அட்டையை எடுத்துக் காட்டினார். ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி, மூவரும் நேராக டாக்டரம்மாவிடம் போனார்கள். அம்மா நினைத்தது சரியாக இருந்தது.

சென்ற ஆண்டு மகாராஜபுரத்தில் மாமா வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்குப் போயிருந்தபோது, காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த அம்மா பிறகு எழவில்லை. நோய் தெரிந்த பின் அவருக்குக் கிடைத்தவை ஏழு ஆண்டுகள்.

அம்மாவுக்கு ரத்தம் கொடுத்த மாமாவுக்கும், எனக்குப் பால் கொடுத்த பக்கத்து வீட்டு அம்மாவுக்கும், கேட்க வேண்டியதைக் கேட்ட டாக்டரம்மாவுக்கும், தேடி வந்து கட்டிலருகே நின்ற ராஜபாளையத்து டாக்டருக்கும், கலவர நாளில் பின்வாசல் வழியாக மாத்திரை கொடுத்த மருந்துக் கடைக்காரருக்கும், வெட்கத்தை விட்டு உண்மையைச் சொன்ன என் அத்தைக்கும் எங்கள் குடும்பம் தலை வணங்குகிறது.

இன்னும் ஒருவருக்கு நன்றி சொல்ல வேண்டும். பதினாறாம் நாள் காரியத்துக்கு அந்த வத்திராயிருப்புப் பெண் முதல் பஸ்ஸில் வந்து சேர்ந்தார். புருவம் வளர்ந்திருந்தது. காரியம் முடிந்ததும், அம்மாவிடம் மீந்திருந்த மாத்திரைகளை அப்பா ஒரு பையில் போட்டு அவரிடம் நீட்டினார். "ஒனக்கும் இதே மாத்திரைதானம்மா. வீணாப் போகக் கூடாது."

அவர் பையை வாங்கிக்கொண்டார். "அண்ணே, பஸ்ஸப் பிடிக்கிற அவசரத்துல இன்னைக்குக் காலை மாத்திரையப் போடாமலே வந்துட்டேன்" என்றார்.

அப்பா உள்ளே போய்த் தண்ணீர் கொண்டு வந்தார். அந்தப் பெண் அம்மாவின் மாத்திரையில் ஒன்றைப் பிரித்து, எங்கள் எல்லோர் முன்னாலும் போட்டுக்கொண்டார்.