காலடியில் ஒரு வாளித் தண்ணீர்

மூன்று வருடங்களுக்கு முன், ஓகஸ்ட் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் நடந்தது இது. இடம், ஜேர்மனியில் நாங்கள் இருக்கும் வுப்பர்டாலில் இருந்து காரில் ஒன்றரை மணிநேரம் போனால் வருகிற ஒரு சிறிய ஊரின் மோட்டார் சைக்கிள் பந்தயத் திடல். நேரம் மதியம் மூன்று மணி, கண்ணைக் கூசுகிற வெயில். பயந்த கதை சொல்கிறவர்கள் பெரும்பாலும் இருட்டில்தான் தொடங்குவார்கள். என்னுடையது நல்ல வெளிச்சத்தில் நடந்தது. வெளிச்சம் கொஞ்சம் குறைந்திருந்தால் அப்படி நடந்தே இருக்காது.

நான் ஒரு இத்தாலியன் உணவகத்தில் சமையல்காரன். மனைவிக்கு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை. அங்கே வேலை செய்யும் ஒரு ஜேர்மன் தாதியின் தம்பி பந்தய ஓட்டுநர், அந்த அக்காவேதான் அவனுடைய மெக்கானிக். மனைவி ஒருநாள் கொண்டுபோன மட்டன் றோல்ஸை ருசி பார்த்த அந்தத் தாதி, எங்கள் கிளப் பந்தயங்களில் ஒரு கடை போடுங்களேன் என்று கேட்டாள். இப்படித்தான் அந்த சீசன் முழுவதும், ஏப்ரலில் இருந்து செப்டெம்பர் வரை, சொந்தத் திடலில் பந்தயம் நடந்த ஞாயிறுகளில் நாங்கள் இருவரும் றோல்ஸ் கடைக்காரர் ஆனோம்.

அது இரண்டாம் பிரிவு லீக். ஓடுகிறவர்கள் எல்லாம் திங்கட்கிழமை வேலைக்குப் போகிறவர்கள். அந்தத் தம்பி வீட்டுக் கூரைகளுக்கு ஓடு போடுகிறவன். நீள்வட்டமான மண்பாதையில் நான்கு பேர் நான்கு சுற்று ஓடுவார்கள். ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். அந்த மோட்டார் சைக்கிளுக்கு பிரேக்கே கிடையாது என்று கேள்விப்பட்ட அன்றே என் மனைவி அவன் பெயரில் அர்ச்சனை செய்ய முடிவெடுத்துவிட்டாள். அவனோ எங்கள் றோல்ஸைத் தண்ணீர் குடிக்காமல் நான்கு சாப்பிட்டுவிட்டு, காரம் போதாது என்று என்னைச் சீண்டுவான்.

வண்டிகளைக் கழுவி, எரிபொருள் நிரப்பித் தயார் செய்கிற இடத்துக்கும் எங்கள் கடைக்கும் நடுவே இடுப்பளவு வேலி ஒன்றுதான். அக்காக்காரி எரிபொருள் கலனுக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு வாளி தண்ணீர் வைத்திருப்பாள். முதல் நாள் நான் அதைப் பார்த்து, தம்பியைக் குளிப்பாட்டவா என்று பகிடி விட்டேன். அவள் சிரிக்கவில்லை. ஒரு தகர மூடியில் கொஞ்சம் எரிபொருளை ஊற்றி, லைட்டரைக் கிட்டக் கொண்டுபோய் எடுத்தாள். பற்றவில்லையே என்றேன். அவள் என் கடைக் காகிதம் ஒன்றை மூடிக்கு மேலே பிடித்தாள். வெறும் காற்றில் பிடித்த காகிதம் நடுவில் கறுத்து, பெரிய ஓட்டையாகி, சுருண்டு விழுந்தது. புகை இல்லை, மணம் இல்லை, சுவாலை இல்லை. கையை நீட்டினேன், சூடு அறைந்தது.

அது மெதனோல், வெயிலில் எரிந்தால் கண்ணுக்குத் தெரியாது, தண்ணீர் ஊற்றினால் அணையும் என்று விளங்கப்படுத்தினாள். இருபது வருடமாக அடுப்படியில் நிற்கிற எனக்கு உள்ளுக்குள் ஒரு மாதிரி இருந்தது. ஆனால் அடுத்த கிழமையே அதை ஒரு வித்தை மாதிரி கோயிலில் நான்கு பேருக்குச் சொல்லிப் பெருமையும் அடித்துவிட்டேன். எனக்குத் தெரியாமல் இருந்தது என்று மட்டும் யாரும் சொல்ல முடியாது. அதுதான் இன்றைக்கும் குத்துகிறது.

அந்த ஓகஸ்ட் ஞாயிறு முழுக்கக் குளவித் தொல்லை. இனிப்பான குடிபானத்தை வைத்துக்கொண்டு நின்றவர்கள் எல்லாம் கையை வீசிக்கொண்டும் துள்ளிக்கொண்டும் இருந்தார்கள். நாங்களும் காலையில் இருந்து அதைப் பார்த்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தோம். அக்காக்காரி, தம்பி ஓடும்போது போடுகிற மண் அப்பிய கண்ணாடியைக் கழுவி வாளியைக் காலியாக்கிவிட்டு, திரும்ப நிரப்பக் குழாயடிக்குப் போயிருந்தாள். தம்பிக்கு அடுத்த ஓட்டம் கிட்டிவிட்டது. பொறுக்காமல் தானே எரிபொருள் விட்டான். எஞ்சின் இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது.

நான் கண்டது இவ்வளவுதான். அவன் வண்டியை விட்டு விலகி நடந்து வந்தான். வலது கையை உதறினான். தோளில் தட்டினான். ஒரு சுற்றுச் சுற்றினான். வாய் திறந்திருந்தது, ஆனால் பாதையில் நான்கு எஞ்சின்கள் அலறியதில் ஒரு சத்தமும் கேட்கவில்லை. அவனுக்கு மேலே நீல வானம், பின்னால் காய்ந்துகொண்டிருந்த துவாய்கள். வேறு ஒன்றுமே இல்லை. குளவி சட்டைக்குள் போய்விட்டது என்று நினைத்து நான் வாய்விட்டுச் சிரித்தேன். அவன் என்னைப் பார்த்தான். ஆடு, ஆடு என்று நானும் கையை ஆட்டிக் காட்டினேன். வரிசையில் நின்ற ஆட்களும் சிரித்தார்கள்.

என் மனைவிதான் முதலில் சிரிப்பை நிறுத்தினாள்.

"இஞ்சாருங்கோ, அவர் சிரிக்கேல்லை."

அப்போதுதான் அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் நெஞ்சில் கட்டியிருந்த இலக்கத் துணி, யாரும் தொடாமலே ஓரத்தில் இருந்து கறுத்துச் சுருண்டு மேலே ஏறிக்கொண்டிருந்தது. காதோரத்து முடி தானாகப் பொசுங்கியது. அவனைச் சுற்றிய காற்று மட்டும் கானல் போல நெளிந்தது. காகிதத்தில் பார்த்த அதே ஓட்டை இப்போது அவன் சட்டைக் கையில் பெரிதாகிக்கொண்டு வந்தது. எனக்கு விளங்கிவிட்டது. விளங்கியும் கால் நகரவில்லை. வெங்காயம் கழுவிய தண்ணீர் ஒரு நீல வாளி நிறைய என் காலடியில், வேலி ஓரமாக இருந்தது. நான் குனியவில்லை.

குழாயடியில் இருந்து வெறும் வாளியை எறிந்துவிட்டு ஓடிவந்த அக்காக்காரிதான் வேலிக்கு மேலால் சாய்ந்து என் வாளியை இழுத்தெடுத்து அவன் தலையோடு ஊற்றினாள். அவன் முழங்காலில் விழுந்தான். தோளில் வெங்காயத் தோல் ஒட்டியிருந்தது. அணைந்ததா இல்லையா என்று எங்களுக்குத் தெரியவில்லை, எரிந்ததே தெரியாதபோது அணைந்தது எப்படித் தெரியும். அவள் அவன் உடம்பைக் கையால் தடவித் தடவிப் பார்த்தாள். நான் வேலியைத் தாண்டக் காலை வைக்க, அசையாதே என்று கையைக் காட்டினாள். கூட்டுகிற தும்புத்தடி ஒன்றை எடுத்து, வெறும் புல்லுக்கு மேலே நீட்டினாள். நுனித் தும்புகள் ஒவ்வொன்றாகச் சுருண்டன. எனக்கு முன்னால், நான் கால் வைக்கப்போன இடத்தில், நெருப்பு நின்றுகொண்டிருந்தது. தீயணைப்பு உருளையோடு வந்த ஊழியர் அந்த வெறுமையை நோக்கி வெள்ளைத் தூளை அடித்தார்.

அம்புலன்ஸ் அவனைக் கொண்டுபோனது. மாற்று அம்புலன்ஸ் வந்ததும் பந்தயம் தொடர்ந்தது. அடுத்த ஓட்டத்தில் தொடக்கக் கோட்டில் மூன்று பேர்தான். நான்காவது இடம் வெறுமையாகக் கிடந்தது. எனக்கோ அந்த வெறுமையையும் நம்ப முடியவில்லை.  வீட்டுக்கு வரும்வரை என்மேலேயே எனக்குக் கோபம்.

ஆஸ்பத்திரிக்குப் போக எனக்குத் துணிவு வரவில்லை. செப்டெம்பர் கடைசியில், சீசனின் கடைசிப் பந்தயத்துக்கு, பார்வையாளனாக அவனே வந்தான். வலது கையில் தோல் நிறத்தில் இறுக்கமான உறை. கழுத்தில் சிவந்த தழும்பு. ஒரு றோல்ஸ் வாங்கி இடது கையால் சாப்பிட்டான். நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அவன் சாதாரணமாக, என்னைத் தேற்றுகிற மாதிரித்தான் ஒன்று சொன்னான். ஜேர்மனில்தான் சொன்னான், ஆனால் எனக்கு அது தமிழில்தான் ஞாபகத்தில் நிற்கிறது.

"எனக்கும் நெருப்புத் தெரியேல்லை. நீ சிரிச்சுக்கொண்டு நிண்டாய். அப்ப எனக்கு ஒண்டுமில்லையாக்கும் எண்டு நினைச்சிட்டன்."

சொல்லிவிட்டு, இந்தமுறை காரம் சரி என்றான்.

அடுத்த சீசனும் நாங்கள் கடை போட்டோம். அவன் திரும்ப ஓடவில்லை, அக்காவோடு சேர்ந்து வண்டி திருத்துகிறான். இப்போது உணவகத்துச் சமையலறையில் யாராவது கையை உதறினாலே நான் தண்ணீரோடு போய் நிற்கிறேன். கையில் ஒட்டிய உப்புத் தூளைத் தட்டிய ஒருவன் தலையில் ஊற்றியும் இருக்கிறேன். அங்கே அது இன்றைக்கும் பகிடிதான், சிரிக்கட்டும். என் சிரிப்பை நம்பி ஒரு மனிதன் நெருப்புக்குள் இரண்டு நொடி கூடுதலாக நின்றான் என்பதை நினைத்தால், நல்ல வெயிலிலும் எனக்கு உடம்பு சில்லிடுகிறது.