தீபாவளி பேண்டும் கோமதி சுட்ட அதிரசமும்

தையல்காரனுக்கு முன்னால் வயிற்றை எக்காமல் நின்று அளவு கொடுத்த ஆண்பிள்ளையை நான் இன்னும் பார்க்கவில்லை. டாக்டரிடம் உண்மை சொல்வார்கள், வக்கீலிடம்கூடப் பாதி சொல்வார்கள். டேப்பைக் கையில் எடுத்தவனிடம் மட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டு முழுப் பொய் சொல்வார்கள். நாற்பத்தைந்தைத் தாண்டி, பலகார டின்னுக்கும் பேண்ட் பட்டனுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முழிக்கிற என் சக வயிற்றுக்காரர்களே, நான் உங்களைச் சொல்லவில்லை. தென்காசியில் என் கடைக்கு வருகிற மாரியப்பனைச் சொல்கிறேன். நீங்களும் இருக்கிறீர்களா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

சிரித்தால் தெரிகிற அளவு

மாரியப்பனுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. தென்காசியில் உரக்கடை, இலஞ்சியில் வீடு. மகளைச் சுரண்டையில் கட்டிக் கொடுத்து முதல் வருசம். தலை தீபாவளிக்கு மாப்பிள்ளைக்குத் துணி எடுக்கப் போன இடத்தில், மாப்பிள்ளை மாமனாருக்கும் ஒரு பேண்ட் துணியை எடுத்து நீட்டிவிட்டார். பண்டிகை என்றால் வேட்டியைத் தவிர வேறு அறியாத மனுசன் அதைக் குழந்தையைத் தூக்குவது மாதிரி ஏந்திக்கொண்டு வந்தார்.

அளவுக்கு நின்றதும் வயிற்றை எக்கினார். முகம் கத்தரிக்காய் நிறத்துக்குப் போயிற்று. இந்த நோய்க்கு என்னிடம் ஒரே மருந்துதான், கதை. குற்றாலத்தில் பேரருவியில் குளித்துவிட்டு, ஈரம் காயுமுன் ஒருவர் ஒரு சட்டி மிளகாய் பஜ்ஜியைத் தின்று தீர்த்தார். பேண்ட் பட்டன் தெறித்துப் போய் ஒரு குரங்கின் கையில் விழுந்தது. அது கடித்துப் பார்த்து, வேகவில்லை என்று பஜ்ஜி போட்டவர் மேலேயே திருப்பி எறிந்தது. அந்தப் பட்டனை நான்தான் திரும்பத் தைத்துக் கொடுத்தேன், பல் தடம் இன்னும் இருக்கிறது என்றேன். மாரியப்பன் சிரித்துவிட்டார். வயிறு தன் சொந்த இடத்துக்கு வந்து உட்கார்ந்தது. அந்த நொடியில் டேப்பைப் பிடித்தேன். அவர் குனிந்து என் விரல் நிற்கிற இடத்தைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, நீங்க அளவு எடுக்குதீகளா, வாக்குமூலம் வாங்குதீகளா?"

உள்துணி

பேண்டின் பின்பக்கத் தையலுக்கு உள்ளே கொஞ்சம் துணியை மடித்து விட்டுத்தான் தைப்போம். பின்னாளில் இடுப்பு பெருத்தால் தையலைப் பிரித்து அகலப்படுத்திக்கொள்ளலாம். அதை உள்துணி என்போம். இளவட்டங்கள் அதைப் பற்றிக் கேட்பதே இல்லை. காதோரம் நரைத்ததும் கேட்க ஆரம்பிப்பார்கள். மாரியப்பன் நாலு விரல் கேட்டார். அது பேண்டுக்கு உள்ளே இன்னொரு பேண்ட்.

மறுநாள் அவர் மனைவி கோமதி வந்தாள். உள்துணி ஒரு நூல்கூட விடக்கூடாதாம். ஏன் தாயி என்றேன். அவருடைய அண்ணனுக்குச் சர்க்கரையில் புண் ஆறாமல் போன மாசம்தான் கால் விரலை எடுத்திருக்கிறார்கள். இவருக்கும் பார்த்ததில் சர்க்கரை வரப்பு ஓரத்தில் நிற்கிறதாம். நடங்கள், வாயைக் கவனியுங்கள், பண்டிகை கழித்துத் திரும்பப் பார்ப்போம், ஏறியிருந்தால் மாத்திரைதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பலகாரமே சுட வேண்டாம் என்றால், மகளும் மாப்பிள்ளையும் முதல் தீபாவளிக்கு வருகிற வீட்டில் அடுப்பு அணைந்து கிடக்குமா? இவர் பசிக்குத் தின்கிறவரும் இல்லை. டின் பக்கம் போகிறபோதும் வருகிறபோதும் கை தானாக உள்ளே போய்விட்டு வரும். கேட்டால் நான் எங்கே தின்றேன் என்பார். பொய் இல்லை, நிஜமாகவே தெரியாது. மாப்பிள்ளை எடுத்துக் கொடுத்தது என்பதால் தீபாவளியன்று முழுக்க இந்தப் பேண்டைக் கழற்றவும் மாட்டார்.

"திங்க வேண்டாம்னு சொல்லல அண்ணாச்சி. திங்குதது அவுகளுக்குத் தெரியணும். நான் சொன்னா கேக்க மாட்டாக, உங்க பேண்டு சொல்லட்டும்."

எங்களுக்கு வந்த பொட்டலம்

தீபாவளிக்கு முந்தின நாள் மாரியப்பன் பேண்டைப் போட்டுப் பார்க்க வந்தார். கையில் ஒரு பொட்டலம். எனக்கும், எங்கள் கடையில் பட்டனுக்குக் காஜா எடுக்கிற பீர்முகமது பாய்க்கும் என்று வீட்டில் சுட்ட தேங்குழல். பேண்ட் அச்சாகப் பொருந்தியது. உள்துணி விட்டாச்சா என்றார். உங்கள் துணியில் ஒரு நூல் வீணாகவில்லை என்றேன். அதுவும் உண்மைதானே.

மாப்பிள்ளைக்கு என்னென்ன ஏற்பாடு என்று நின்றபடியே பேச ஆரம்பித்தார். முந்திரிக்கொத்து ஒரு டின், அதிரசம் ஒரு டின், சுசியம் அன்றைக்குச் சூடாக. பேச்சு நடக்க நடக்க, கை பொட்டலத்துக்கும் வாய்க்கும் ஷட்டில் பஸ் ஓட்டியது. மாப்பிள்ளையின் குணத்தைச் சொல்லும்போது நொறுக் நொறுக். அண்ணன் கால் விரலைச் சொல்லும்போது கண் கலங்கியது. அப்போதும் நொறுக் நொறுக். கடைசியில் வெறும் காகிதத்தை எங்கள் மேசைமேல் மரியாதையாக வைத்து, சூடு ஆறுமுன் சாப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். பாய் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அண்ணாச்சி, நாம தின்னுட்டமா?"

மூன்று குணமுள்ள பேண்ட்

பண்டிகை கழிந்து மாரியப்பன் கடைப்படி ஏறியபோது, பிரித்து அகலப்படுத்தச் சொல்லத்தான் வருகிறார் என்று நினைத்து நாலு பொய் தயார் பண்ணி வைத்திருந்தேன். ஒன்றும் செலவாகவில்லை. அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். என் கடையில் அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான்.

அந்தப் பேண்டுக்கு மூன்று குணமாம். நின்றால் பேசாது. உட்கார்ந்தால் முணுமுணுக்கும். படுத்தால் சண்டைக்கே வரும். தீபாவளி காலையில் டின் பக்கமாகப் போனவர், வழக்கம்போல வாயை நிரப்பிக்கொண்டு மாப்பிள்ளை பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறார். பட்டன் தொப்புளுக்குக் கீழே ஒரு குத்து விட்டிருக்கிறது. குனிந்து பார்த்தபோதுதான் கையில் பாதி முந்திரிக்கொத்து இருப்பது தெரிந்ததாம். அடுத்த தடவை குனிந்து டின்னுக்குள் கை விட்டபோதும் குத்து. அதன்பிறகு கையைப் பின்னால் கட்டிக்கொண்டே வீட்டுக்குள் நடந்திருக்கிறார். மத்தியானம் படுக்க முடியாததால் மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பண்பொழிக்குப் போய் மலைக் கோயில் படி ஏறிவிட்டார். மாமாவுக்கு இவ்வளவு பக்தியா என்று மாப்பிள்ளைக்கு ஆச்சரியமாம்.

இறங்கி வந்தபோது நல்ல பசி. கோமதி ஆளுக்கொரு இலைத் துண்டில் ஒரே ஒரு அதிரசம் வைத்தாள். இன்னொன்றுக்குப் பட்டன் இடம் கொடுக்காது என்று தெரிந்ததால், பிட்டுப் பிட்டு, மென்று மென்று, மாப்பிள்ளை முடித்துக் கை கழுவி வந்த பிறகும் இவர் தின்றுகொண்டிருந்தாராம். அதில் என்னவோ சுருக்கென்று நாக்கில் பட்டிருக்கிறது. என்ன போட்டாய் என்று கோமதியிடம் கேட்டிருக்கிறார். அவள் பதில் சொல்லிவிட்டு அடுப்பங்கரைக்குள் போனவள், கொஞ்ச நேரம் வெளியே வரவில்லையாம். இதைச் சொல்லிவிட்டு மாரியப்பன் ஒரு சின்ன டப்பாவைத் திறந்தார். இரண்டு அதிரசம். எனக்கொன்று, பாய்க்கொன்று. நாங்கள் கடித்து முடிக்கிறவரை எங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சுக்கு தெரியுதா? கல்யாணம் ஆன நாள்லேருந்து போடுதாளாம் அண்ணாச்சி. எனக்கு இப்பதான் தெரியும்."

பொங்கலுக்கு ஒன்று

கார்த்திகையில் திரும்ப ரத்தம் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். இறங்கிவிட்டது என்று கதை விட எனக்கும் ஆசைதான். ஆனால் கோமதி இதைப் படிப்பாள். ஏறவில்லை, அவ்வளவுதான். மாத்திரை இப்போதைக்கு வேண்டாம், இப்படியே நடந்துகொண்டிருங்கள் என்று டாக்டர் சொன்னாராம். நல்ல செய்தியைச் சொல்ல இரண்டு பேருமாகக் கடைக்கு வந்தார்கள். அண்ணனும் செருப்புப் போட்டு நடக்க ஆரம்பித்துவிட்டார் என்றார்கள்.

பொங்கலுக்கு இன்னொரு பேண்ட் தைக்க வேண்டும் என்று, இந்தத் தடவை சொந்தத் துணியோடு நின்றார் மாரியப்பன். அளவுக்கு நின்றபோது பாதி வயிற்றைத்தான் எக்கினார். அதுவே பெரிய முன்னேற்றம். கோமதி நூல்கண்டு அலமாரி பக்கம் திரும்பிய நேரம் பார்த்து, இந்தத் தடவை உள்துணி எத்தனை விரல் என்று அவர் காதில் கேட்டேன். நாலு விரல் என்பார், அதை வைத்து இன்னும் ஒரு வருசத்துக்குக் கதை சொல்லலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். மாரியப்பன் கோமதியை ஒரு பார்வை பார்த்தார். பிறகு அவளுக்கும் கேட்கிற மாதிரியே சொன்னார்.

"போன தடவை மாதிரியே தைங்க அண்ணாச்சி. நீங்க விடலங்குதது எனக்கு அன்னிக்கே தெரியும். இவ இவ்வளவு தூரம் நடந்து வந்து சொல்லியிருக்காளேன்னுதான் சும்மா இருந்தேன்."

ஊருக்கெல்லாம் பேண்ட் தைக்கிற நீங்கள் மட்டும் ஏன் எப்போதும் பட்டன் இல்லாத வேட்டியிலேயே இருக்கிறீர்கள் என்று என் வீட்டுக்காரி இன்னும் கேட்கவில்லை. கேட்கிற பண்டிகை வரைக்கும் எனக்கு அதிரசம் இரண்டு.