குறடு சுற்றுக்குப் போன கதை

எழுபதுகளின் பிற்பாதியில் நான் டெல்லிக்கு வந்தது மொழிபெயர்ப்பாளனாக. தற்காலிக வேலை. தொழிற்பயிற்சி மாணவர்களுக்காகக் கைக்கருவிகளின் படப்புத்தகம் ஒன்றைப் பல மொழிகளில் கொண்டுவர அலுவலகத்தில் முடிவு செய்திருந்தார்கள். தமிழ் என் தலையில் விழுந்தது. புத்தகம் தேறினால் வேலை நிரந்தரம், தேறாவிட்டால் திருநெல்வேலிக்குத் திரும்பிப் போக வேண்டியதுதான். நிரந்தரமானால்தான் மனைவியையும் மகளையும் அழைத்துவர முடியும்.

நான் ஊரைவிட்டுக் கிளம்பும்போது மகளுக்கு ஏழு மாதம். சுவரில் இருக்கும் எங்கள் கல்யாணப் போட்டோவைக் காட்டி ‘அப்பா’ சொல்லிக்கொடுப்பதாக மனைவி எழுதியிருந்தாள். அடுத்த கடிதத்தில், இப்போது எந்தப் படத்தைப் பார்த்தாலும் அப்பா என்கிறாள், காலண்டர் முருகனைக்கூட விடவில்லை என்று எழுதினாள். படித்துவிட்டுச் சிரித்தேன். ஆனால் அந்தக் கடிதத்தை இரண்டு நாள் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தேன்.

லக்ஷ்மிபாய் நகரில் ஒரு கும்பகோணத்துக்காரருடைய குவார்ட்டர்ஸில் முன்னறை எனக்குக் கிடைத்திருந்தது. என் அலுவலகத்திலேயே சீனியர் கிளார்க் அவர். சர்க்கார் குவார்ட்டர்ஸை உள்வாடகைக்கு விடக்கூடாது என்பதால், யாராவது கேட்டால் நான் அவருக்குத் தூரத்து உறவு என்று சொல்லிக்கொள்வதாக ஏற்பாடு. அவர்கள் பேச்சையும் என் திருநெல்வேலிப் பேச்சையும் சேர்த்துக் கேட்ட தமிழர் எவரும் அதை நம்பியிருக்க மாட்டார். மற்றவர்களுக்கு நாங்கள் எல்லோரும் ஒரே மதராசிதான் என்பதால் பிழைத்தேன்.

சுத்தியல், உளி, ரம்பம், அரம் வரைக்கும் வண்டி நன்றாகத்தான் ஓடியது. பிறகு ஒரு பக்கத்தில் மாட்டிக்கொண்டேன். அந்தப் பக்கத்தில் நான்கு படங்கள். எல்லாவற்றுக்கும் இரண்டு கால், ஒரு வாய். ஒன்று சூடான பாத்திரத்தை இறக்குவது, ஒன்று ஆணி பிடுங்குவது, ஒன்று கம்பி முறுக்குவது, கடைசியாகச் சின்னது ஒன்று முள் எடுப்பது. இடுக்கி, குறடு, சாமணம் என்று மூன்று சொற்கள் எனக்குத் தெரியும். எது எதற்கு என்பதைத்தான் அடித்துச் சொல்ல முடியவில்லை. எங்கள் வீட்டில் ஆண்பிள்ளைகள் அடுப்படிக்குள் சாப்பிட மட்டுமே போவோம். ஆணி அடிக்க ஆசாரி வருவார். நான் தமிழ் இலக்கியத்தில் முதல் வகுப்பு.

என் அதிகாரி லக்னோக்காரர். ஒரே சொல் இரண்டு படங்களுக்குக் கீழே வரக்கூடாது, ஆங்கிலச் சொல்லும் கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டார். கோல் மார்க்கெட்டில் ஒரு இரும்புக் கடைக்குப் போய், ஆணி பிடுங்கும் சாமானையும் முள் எடுக்கும் சாமானையும் மாதிரிக்கு வாங்கினேன். ஆணி பிடுங்குவதைத் தூக்கிக் காட்டி, “இதுக்கு என்ன பேரு, பையா?” என்று ஹிந்தியில் கேட்டேன். “ஜம்பூர்” என்றார் கடைக்காரர். கம்பி முறுக்கும் ப்ளாஸ் வேறு, பாத்திரம் இறக்கும் சண்ஸி வேறு என்று நான் கேட்காமலேயே எடுத்துப் போட்டார். ஹிந்தியில் ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர் இருந்ததில் எனக்கு எரிச்சலாக வந்தது.

அப்போதுதான் எனக்கு அந்த அருமையான யோசனை உதித்தது. எங்கள் பிளாக்கில் ஆறு தமிழ்க் குடும்பங்கள், ஆறும் ஆறு ஜில்லா. ஆறு வீட்டு ஆண்களும் சர்க்கார் குமாஸ்தாக்கள். ஆணி பிடுங்கும் சாமானின் காலில் ஃபைல் கட்டும் கயிற்றைக் கோத்து ஒரு சீட்டைத் தொங்கவிட்டேன். ‘இதன் பெயர் என்ன? குறிப்பெழுதி அடுத்தவருக்கு அனுப்பவும்’ என்று எழுதிச் சுற்றுக்கு விட்டேன். யாருக்கும் இது விசித்திரமாகப் படவில்லை. வாழ்நாளெல்லாம் அவர்கள் செய்துவந்த வேலைதானே.

முதலில் என் வீட்டுக்காரர், ‘இடுக்கி’ என்று எழுதிச் சுருக்கொப்பம் போட்டார். மதுரைக்காரர், ‘மேற்கண்ட கருத்துக்கு உடன்பாடில்லை. பற்றுக்குறடு எனலாமா?’ என்று எழுதினார். மூன்றாமவர் ‘பார்த்தேன்’ என்றார். நான்காவது வீட்டில் சாமான் ஒரு வாரம் தங்கிவிட்டது. விசாரித்தால், “பரிசீலனையில இருக்கு சார்” என்றார் அந்த மனிதர், பனியனோடு வெயிலில் நாற்காலி போட்டு வேர்க்கடலை உரித்துக்கொண்டே. ஐந்தாமவர் ‘நேரில் பேசவும்’ என்று எழுதினார். ஆறாமவர் தேதி மட்டும் போட்டிருந்தார். திரும்பி வந்த சீட்டைப் பார்த்தபோது தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. மூன்று நாளில் கையெழுத்துப் பிரதியைக் கொடுக்க வேண்டும். இந்தப் பக்கத்தால் வேலை போனால் மகள் காலண்டரைப் பார்த்துத்தான் அப்பா என்று சொல்லிக்கொண்டு வளர்வாள் என்று மிகவும் பயந்தேன்.

மறுநாள் காலை, ஜனவரிக் குளிரில் வீட்டுக்கார மாமி குளியலறைக்குள்ளிருந்து குரல் கொடுத்தார்.

“பால் பொங்கப் போறது, கொஞ்சம் இறக்கி வெச்சிடுங்கோ, ஜல்தி!”

ஓடினேன். துணியையும் காணோம், பிடிக்க ஒன்றையும் காணோம். பால் விளிம்புக்கு வந்துவிட்டது. முன்னறையிலிருந்து என் சுற்றறிக்கைச் சாமானை எடுத்துவந்து பித்தளைப் பாத்திரத்தைக் கவ்வினேன். அதன் வாய் விளிம்பைக் கடித்ததே தவிர தாங்கவில்லை. பாத்திரம் ஒருபக்கமாகச் சாய, ஆறு குமாஸ்தாக்களின் குறிப்புகளும் பாலுக்குள் இறங்கின. மசி கரைந்து பால் நீலமானது.

தலையில் துண்டோடு ஓடிவந்த மாமி அலறினார்.

“ஐயோ, செருப்பாணி பிடுங்கற குறட்டைக் கொண்டுவந்து பால் பாத்திரத்துல வெச்சிருக்கேளே! இடுக்கி அதோ ஆணியில தொங்கறதே, கண்ணு தெரியலையா?”

நான் அடுப்பை அணைக்கக்கூட மறந்து நின்றேன். ஒரே மூச்சில் இரண்டையும் சொல்லிவிட்டார்.

“மாமி, மாமா இதைத்தான் இடுக்கின்னு எழுதியிருக்காங்க.”

“அவர் என்னிக்கு அடுப்பங்கரைப் பக்கம் வந்தார்? இடுக்கி பாத்திரத்தைத் தவிர வேற எதையும் தொடப்படாது. குறடு அடுப்பாண்டையே வரப்படாது. இதுல என்ன சந்தேகம்?”

“சாமணம்?”

“அது கைகாலுக்கு. முள்ளு குத்தினா எடுக்கறதுக்கு. இதுகளோட அதை ஏன் சேக்கறேள்?” என்றவர், பாத்திரத்தைப் புளி போட்டுத் தேய்க்க உட்கார்ந்தார். தேய்த்துக்கொண்டே, “ஆத்துக்காரிக்கு ஒரு கார்டு போட்டிருந்தா அவளே சொல்லியிருப்பாளே” என்றார்.

சுருக்கென்றது. ஆறு வீட்டு ஆண்களைக் கேட்டேன், என் மனைவியைக் கேட்க வேண்டும் என்று ஒரு நாளும் தோன்றவில்லை.

குறட்டைக் கழுவித் துடைத்துக்கொண்டு மற்ற ஐந்து வீடுகளுக்கும் போனேன், இந்த முறை பின்வாசல் வழியாக. பெண்களிடம் நான் பெயரைக் கேட்கவில்லை, இதால் பால் இறக்குவீர்களா என்று மட்டும் கேட்டேன். மதுரைக்கார அம்மா முகத்தைச் சுளித்து, “அந்தக் குறட்ட எதுக்குத் தம்பி உள்ள கொண்டாரீங்க?” என்றார். பாத்திரம் பிடிப்பதற்கு அவர் வீட்டில் கிடுக்கி என்று பெயர். டெல்லியிலேயே பிறந்த ஒரு மருமகள் அதைச் சண்ஸி என்றாள். பெயர் எதுவானாலும் அது அடுப்பை விட்டு நகரவில்லை. குறட்டை யாரும் அடுப்பருகே விடவில்லை. அரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிட்டது.

எந்தக் கருவி எதைத் தொடுமோ அதை வைத்து எழுதினேன். பாத்திரத்துக்கு இடுக்கி, ஆணிக்குக் குறடு, உடம்புக்குச் சாமணம். கம்பி முறுக்குவதற்குக் கம்பிக் குறடு என்று நானே ஒரு பெயர் வைத்தேன். இன்றைக்கு வரைக்கும் ஒரு எலக்ட்ரீஷியன்கூட அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. அதிகாரிக்குச் சாமணம் மட்டும் உறுத்தியது. பெண்கள் புருவம் திருத்துவது, தொழிலாளிக்கு எதற்கு, எடுத்துவிடு என்றார். இரும்புத் தூள் விரலில் ஏறினால் பையன் என்ன செய்வான் என்று கேட்டேன். தன் விரல்களைப் பார்த்துக்கொண்டார். “அச்சா, இருக்கட்டும்” என்றார். புத்தகம் தேறியது, வேலையும் நிலைத்தது.

மனைவிக்கு எல்லாவற்றையும் எழுதினேன். ‘இதைத் தெரிஞ்சுக்கவா டெல்லி வரைக்கும் போனீங்க?’ என்று பதில் வந்தது. அந்தக் கடிதத்தையும் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன், சந்தோஷமாக.

மார்ச்சில் இருவரும் வந்து சேர்ந்தார்கள். மகளுக்கு ஒன்றரை வயது ஆகியிருந்தது. ஸ்டேஷனில் நான் கை நீட்டியதும் மகள் அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். முன்னறைச் சுவரில் மனைவி முதல் வேலையாகக் கல்யாணப் போட்டோவை மாட்டினாள். மகள் அதைப் பார்த்து ‘அப்பா’ என்று கையாட்டுவாள். நான் பக்கத்தில் போனால் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாள். நான்கு நாள் இப்படியே போயிற்று. குழந்தைதானே, பழகிவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கு அழுகையாக வந்தது.

ஐந்தாம் நாள், சாமான் வந்த மரப்பெட்டியைத் தடவி விளையாடியவள் வீறிட்டாள். விரலில் சிராய் ஏறியிருந்தது. மனைவியின் கையெல்லாம் மாவு. நான் மாதிரிக்கு வாங்கிய சாமணத்தை எடுத்துவந்து தரையில் உட்கார்ந்தேன். மகள் கொஞ்ச நேரம் என்னையும் அதையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு விரலை நீட்டினாள். மெதுவாகப் பிடித்து இழுத்ததும் சிராய் முழுசாக வந்துவிட்டது. அதை வாங்கி வெகு அக்கறையாகப் பார்த்துவிட்டு ஓடிப்போனாள்.

மறுநாள் சாயங்காலம் நான் அலுவலகத்திலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் மகள் வாசலில் வந்து நின்றாள். ஒரு கையில் சாமணம். இன்னொரு கையில் ஒரு விரலை மட்டும் எனக்கு நேரே நீட்டினாள்.

“எடு, அப்பா.”

விரலில் ஒன்றும் இல்லை. அங்கேயே உட்கார்ந்து, அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பி வெகுநேரம் தேடினேன்.