அரவேணு இறக்கமும் கொக்கி உடைந்த ஹெல்மெட்டும்

போன மாதம் இரண்டாம் சனிக்கிழமை போன பயணம் இது. என் தங்கை கணவர் செந்தில், மலையில் சைக்கிள் ஓட்ட வேண்டும் என்று ஆறு மாதமாக நச்சரித்துக்கொண்டிருந்தார். திருப்பூர் ரோட்டைத் தாண்டி சைக்கிள் மிதித்திராத மனிதர். பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கிறேன் என்று தங்கையிடம் பெரிய மனுஷனாட்டம் வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் கூட்டிப் போனேன்.

காலை எட்டு மணிக்குக் கோத்தகிரி. ஒரு சைக்கிளுக்கு நாள் வாடகை நானூறு ரூபாய், ஹெல்மெட் இலவசம். கடையில் இருந்ததே இரண்டுதான். ஒன்று புதுசு. இன்னொன்றில் தாடைக் கொக்கி உடைந்திருந்தது. புதுசை நான் எடுத்துக்கொண்டேன். யோசிக்கக்கூட இல்லை, கை தானாகப் போயிற்று, சீ! மற்றதன் வாரை முடிச்சுப் போட்டு அவருக்குக் கட்டிவிட்டேன். சைக்கிளுக்கு ஹெல்மெட் சட்டமே கிடையாது மாப்பிள்ளை, இதுவே அதிகம் என்று சிரிப்பு வேறு. இதே வலைப்பூவில் சைக்கிள் பாதுகாப்பு பற்றி மூன்று கட்டுரை எழுதியவன் நான்.

அரவேணுவுக்குச் சுமார் ஐந்து கிலோமீட்டர், பெரும்பாலும் இறக்கம். பாதி வழியில் ஒரு வளைவில், தேயிலை மூட்டை ஏற்றிய பிக்கப் எதிரே வந்தது. செந்தில் பதறி முன் பிரேக்கை மட்டும் பிடித்தார், சைக்கிள் தலைகுப்புறக் கவிழ்ந்தது. முடிச்சு அவிழ்ந்து ஹெல்மெட் ஒருபக்கம் உருண்டது, தலை ரோட்டில் மோதியது. ரத்தத்தைப் பார்த்ததும் நான் என் சைக்கிளைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன். மேலே கொழுந்து பறித்துக்கொண்டிருந்த அம்மா ஒருவர் இறங்கி வந்து, தன் தலைத்துண்டை அவிழ்த்துக் காயத்தில் அழுத்தினார். உருண்டு கிடந்த ஹெல்மெட்டைப் பார்த்தார். பிறகு என் தலையைப் பார்த்தார்.

"ஏனுங்க, இதுல கொக்கியே இல்லீங்களே. பாத்துத்தானே போட்டு உட்டீங்க?"

நான் குனிந்து செந்திலின் சைக்கிளை ஓரமாக இழுத்துப் போட்டேன்.

பிக்கப்காரரே எங்களைக் கோத்தகிரி ஆஸ்பத்திரியில் சேர்த்தார். ஏழு தையல். பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. செந்தில் படுத்தபடியே தங்கைக்குப் போன் போட்டார். "உங்கண்ணன் ஹெல்மெட் மாட்டி உட்டதாலதான் தப்பிச்சேன். இல்லீன்னா மண்டை போயிருக்கும்" என்றார். போனை என்னிடம் நீட்டினார். தங்கை அழுதுகொண்டே நன்றி சொன்னாள். சரி சரி என்று வாங்கிக்கொண்டேன், வெட்கம் கெட்டவன்.

போகிறவர்கள் எட்டு மணிக்கு முன்பே கிளம்புங்கள், வண்டிகள் குறைவு. இரண்டு பிரேக்கையும் கடையிலேயே அழுத்திப் பாருங்கள். ஹெல்மெட்டை வீட்டிலிருந்தே கொண்டு போங்கள். சட்டம் கேட்காவிட்டாலும் ரோடு கேட்கும்.

தங்கச்சி அம்மிணி, நான் எழுதுவதையெல்லாம் நீ விடாமல் படிப்பாய். அன்றைக்கு நல்ல ஹெல்மெட் என் தலையில்தான் இருந்தது.