தள்ளிப் படு

இது கட்டுக்கதை இல்லை. கட்டுக்கதையாக இருந்தால் இதைவிட நல்ல ஆளாகப் பார்த்துக் கதாநாயகனாகப் போட்டிருப்பேன். இது என் சித்தி மகனுக்கு நடந்தது. சம்பந்தப்பட்ட இரண்டு பேரும் உயிரோடு இருக்கிறார்கள். இரண்டு பேரையும் தனித்தனியாக உட்காரவைத்துக் கேட்டேன். மணியும் நிமிடமும்கூட மாறவில்லை. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

வீட்டில் அவனுக்குத் துரை என்று பட்டப்பெயர். சின்ன வயதிலிருந்தே எதைக் கொடுத்தாலும் முகம் சுளிப்பான். கல்லூரிப் படிப்பு முடிந்ததும் கேட்கவே வேண்டாம். அவனைத் தவிர உலகத்தில் எல்லோரும் அரைவேக்காடு. அப்பேர்ப்பட்ட துரைக்கு ஒரு வருடம் அலைந்து கிடைத்த வேலை, ஊரிலிருந்து வெகு தூரத்தில், ஒரு மருந்துத் தொழிற்சாலையில் ஆறு மாதப் பயிற்சி. மாத்திரை அட்டைகளுக்குள் காற்றுப் புகுகிறதா என்று மணிக்கு ஒருமுறை சோதித்து எழுத வேண்டும். இரவு எட்டிலிருந்து காலை எட்டு வரை. ஆறு மாதத்தையும் குறை இல்லாமல் முடித்தால் வீட்டுக்குப் பக்கத்துக் கிளையிலேயே நிரந்தர வேலை. முடிக்காவிட்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு வரவேண்டியதுதான். சித்தப்பா போன பிறகு சித்தி அந்த ஒரு வேலையைத்தான் மலைபோல நம்பியிருந்தாள்.

பயிற்சிச் சம்பளத்தில் முழு அறை கட்டுப்படியாகாது. பாதி அறைதான். பாதி என்றால் நடுவில் தடுப்பு என்று நினைத்துவிடாதீர்கள். ஒரே அறை, ஒரே கட்டில், இரண்டு ஆள். பகலில் ஒருவன் தூங்குவான், இரவில் இன்னொருவன்.

"நீங்க கிளம்பினப்புறம் அவரு வருவாரு. அவரு போனப்புறம் நீங்க வருவீங்க" என்றாள் வீட்டுக்காரம்மா. "ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்க வேண்டிய அவசியமே இல்ல தம்பி. சண்டையும் வராது."

இரவில் தங்குகிறவன் ஒரு மூக்குக்கண்ணாடிப் பட்டறையில் வேலை செய்கிறவன். காலை 6.45க்குப் போய்விடுவான், இரவு எட்டு மணிக்குத் திரும்புவான். துரைக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு. அதனால் அந்த ஆள் சனி மாலையே தன் அத்தை வீட்டுக்குப் போய்விட்டுத் திங்கள் இரவுதான் வருவான். இதுதான் ஏற்பாடு.

அறை இரண்டாம் மாடியில், பின்பக்கம். ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் குழாய்கள். சுவரில் இரண்டு ஆணி, ஆளுக்கு ஒன்று. சுவரை ஒட்டி ஓர் இரும்புக் கட்டில். ஒன்றரை ஆள் படுக்கலாம். கட்டிலுக்கு அடியில் யாரோ ஒரு பழைய போர்வையைச் சுருட்டி வைத்திருந்தார்கள். துரை அதைக் காலால் இன்னும் உள்ளே தள்ளிவிட்டான்.

முதல் நாள் காலை 8.35க்கு வந்து படுத்தான். மெத்தை சூடாக இருந்தது.

வெயில் படுகிற இடம் இல்லை. ஓர் ஆள் படுத்து எழுந்த சூடு. சுவர்ப்பக்கம் மெத்தை ஓர் உடம்பின் நீளத்துக்குப் பள்ளமாக இருந்தது. துரைக்கு அருவருப்பு தாங்கவில்லை. அடுத்தவன் உடம்புச் சூட்டில் தான் படுப்பதா என்று விளிம்பிலேயே ஒருக்களித்துப் படுத்துக்கொண்டான். 6.45க்குப் போனவனின் சூடு 8.35க்கு எப்படி இருக்கும் என்று கேட்க ஒரு பட்டதாரி தேவையில்லை. துரை கேட்கவில்லை. பட்டறைக்காரன் ஒரு சோம்பேறி, எட்டரை வரைக்கும் உருண்டுவிட்டுத் திருட்டுத்தனமாகப் போகிறான் என்று அந்த நிமிடமே தீர்ப்பு எழுதிவிட்டான். பெயரும் வைத்தாகிவிட்டது. எருமை.

தினமும் அதே சூடு. தினமும் அதே பள்ளம். மூன்றாம் நாள் மேஜை மேல் ஒரு சீட்டு எழுதி வைத்தான்.

"இந்தக் கட்டில் உன் அப்பன் வீட்டுச் சொத்து இல்லை. நான் வரும்போது காலியாக இருக்க வேண்டும்."

மறுநாள் அதன் அடியிலேயே பதில் இருந்தது. "சரிங்க. நான் கட்டிலைத் தொடவே இல்லைங்க."

பொய்யையும் எவ்வளவு பணிவாக எழுதுகிறான் பார் என்று துரை சீட்டைக் கிழித்துப் போட்டான்.

அடுத்த வாரத்திலிருந்து மேஜை மேல் பிரட் பொட்டலம் ஒன்று வர ஆரம்பித்தது. கூடவே ஒரு வரி. "சாப்பிட்டுத் தூங்குங்க. உங்க தூக்கத்தை நான் கெடுக்க மாட்டேன்." லஞ்சம் கொடுக்கிறான் என்றே துரைக்குத் தோன்றியது. ஆனால் பிரட்டை ஒரு நாளும் மிச்சம் வைக்கவில்லை. நாலு மாதம் தின்றான். நன்றி என்று ஒரு வார்த்தை எழுதவில்லை.

ஊரில் இருக்கும் தன் அக்காவுக்கு போன் போட்டு எருமையைப் பற்றிச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். அக்கா ஒருநாள் கேட்டாள். "இன்னிக்கு ஞாயித்துக்கிழமையாச்சேடா, அவன் அத்தை வீட்டுக்குப் போயிருப்பானே."

உண்மைதான். அன்று ஞாயிறு. சனி இரவு முழுக்க அறையில் யாரும் இல்லை.

மெத்தை சூடாகத்தான் இருந்தது.

"போயிருக்க மாட்டான். சொகுசு கண்டவன்" என்று போனை வைத்துவிட்டான்.

அதற்கப்புறம் ஒரு வாரத்தில் இன்னொன்றைக் கவனித்தான். தலையணை உயரத்தில், சுவரில், ஓர் ஈரத்தடம். உள்ளங்கை அகலம். மழை இல்லை, பக்கத்தில் குழாயும் இல்லை. தினமும் மாலைக்குள் காய்ந்துவிடும். காலையில் வரும்போது மறுபடி ஈரமாக இருக்கும். யாரோ சுவரில் மூக்கை வைத்து விடிய விடிய மூச்சு விட்டதுபோல...

துரை அதற்கும் எருமையைத்தான் திட்டினான்.

சரியான தூக்கம் இல்லை. ஒருநாள் விடிகாலையில் சோதனை மேஜையிலேயே கண்ணயர்ந்துவிட்டான். ஒரு மணி நேரப் பதிவு விட்டுப்போயிற்று. சூப்பர்வைசர் கத்தவில்லை. "முதல் எச்சரிக்கை. ரெண்டாவது கிடையாது" என்றார். ஐந்தாவது மாதம் அது. இன்னும் ஆறு வாரம் ஓட்டினால் போதும்.

செவ்வாய்க்கிழமை. காலை 8.40க்குக் கதவைச் சாத்தினான். உள்ளே தாழ்ப்பாள் போட்டான். விளிம்பில், சுவருக்கு முதுகைக் காட்டிப் படுத்தான்.

மதியம் 12.40க்கு விழிப்பு வந்தது. மேஜை மேல் கடிகாரம் எதிரிலேயே இருந்தது. நல்ல வெளிச்சம். கீழே எங்கோ துணி துவைக்கும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. தெருவில் யாரோ யாரையோ கூப்பிட்டார்கள்.

க்ரீச்...

கட்டில் ஸ்பிரிங்.

அவன் அசையவில்லை.

க்ரீச்... முதுகுக்குப் பின்னால் மெத்தை மெதுவாக அமுங்கியது. முதலில் இடுப்பு. அப்புறம் தோள்.

மூச்சு கேட்டது. நிதானமான மூச்சு. ஆழ்ந்து தூங்குகிற ஆளின் மூச்சு.

சூடு முதுகில் ஏறியது.

மணி 12.43.

இந்த இடத்தில் நீங்களும் நானும் அலறியிருப்போம். துரை அலறவில்லை. அவன் தைரியசாலி என்று எண்ண வேண்டாம். எருமை வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு வந்து, தான் இருக்கும்போதே பக்கத்தில் ஏறிப் படுத்துவிட்டான் என்று நினைத்தான். வந்தது பயம் இல்லை, எரிச்சல். திரும்பிப் பார்ப்பதுகூடத் தன் தகுதிக்குக் குறைவு என்று, திரும்பாமலே சொன்னான்.

"தள்ளிப் படு."

மூச்சு நின்றது.

க்ரீச்...

தள்ளிப் படுத்தது.

துரை மறுபடி தூங்கிவிட்டான்.

மாலை 5.10க்கு எழுந்தான். பக்கத்தில் யாரும் இல்லை. முகம் கழுவப் போனவன், கதவருகே நின்றுவிட்டான்.

தாழ்ப்பாள்... உள்ளே போட்டது போட்டபடி இருந்தது.

ஜன்னலில் கம்பி.

சுவரில் ஈரம். இந்தத் தடவை மாலையிலும் காயவில்லை.

சட்டையை மாட்டினானா கையில் எடுத்தானா என்று அவனுக்கே நினைவில்லை. 5.12க்கு அவன் தெருவில் நின்றான்.

அன்றிரவு வேலையில் நிற்க முடியவில்லை. யாரிடம் கேட்பது? கேட்கிற ஆள் ஒருவன்தான் இருந்தான். அவனை 6.45க்குள் பிடிக்க வேண்டும். காலை ஆறு மணிக்குப் போய் அனுமதி கேட்டான்.

"ஐயாவுக்கு என்ன அவசரம்?" என்றார் சூப்பர்வைசர்.

"ரூம்ல ஒரு பிரச்சனை சார்."

"போ. இன்னொரு வாட்டி பாதியில போனா, அப்படியே ஊருக்குப் போயிடு."

6.41க்கு மாடிப்படி ஏறினான். எதிரே ஒருவன் இறங்கி வந்தான். ஒல்லியான ஆள். தானே தேய்த்த கண்ணாடியோ என்னவோ, தடிமனாக ஒன்று போட்டிருந்தான். வழிவிட்டு ஒதுங்கி நின்றான். எருமை என்று சொல்ல அந்த உடம்பில் ஒன்றும் இல்லை.

"ரெண்டாம் மாடி பின் ரூம்தானே?" என்றான் துரை.

"ஆமாங்க. நீங்க யாரு?"

"நான்தான் உன் கூடத் தங்கியிருக்கிறவன்."

அந்த ஆள் சிரித்தான். "இல்லீங்க. அவரு மேல படுத்திருக்காரு."

துரை மாடியை நிமிர்ந்து பார்த்தான்.

"இப்பத்தான் பாத்துட்டு வரேன்" என்றான் அவன். "கதவைச் சத்தம் வராம சாத்திட்டு வரேன்."

"நான்... இப்பத்தான் வேலையிலேருந்து வரேன். பிரட் வைக்கிறியே, அது எனக்குத்தானே. சீட்டு எழுதினது நான்."

பட்டறைக்காரன் முகத்திலிருந்து சிரிப்பு மெதுவாகப் போனது. படியிலேயே உட்கார்ந்துவிட்டான். அப்புறம் சொன்னான். அவன் வந்த முதல் ராத்திரியே கட்டிலில் ஒருத்தர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். தினமும் அப்படித்தான். அவன் வரும்போதும் படுத்திருப்பார், காலையில் போகும்போதும் படுத்திருப்பார். முகத்தைப் பார்த்ததே இல்லை.

"ராத்திரி வேலைன்னு வீட்டுக்காரம்மா சொன்னாங்க. ஆனா ராத்திரி பூரா படுத்திருக்கீங்களேன்னு பாத்தேன். வேலை போயிருக்கும், வீட்டுல சொல்ல முடியாம இருக்கீங்கன்னு நினைச்சேண்ணே. எனக்கும் ஒரு வாட்டி அப்படி ஆச்சு. கேட்டா சங்கடப்படுவீங்கன்னு கேக்கல."

"நீ எங்க படுப்ப?"

"கீழதான். கட்டிலுக்கு அடியில என் போர்வை இருக்குமே."

நாலரை மாதம். வெறும் தரையில். துரை தன் வாழ்நாளில் முதல்முறையாக வெட்கப்பட்டான் என்று சொல்லலாம். அதற்கும் அவகாசம் கிடைக்கவில்லை.

"நேத்து ராத்திரிதாண்ணே முதல் தடவையா அவரு பேசினாரு" என்றான் பட்டறைக்காரன்.

"என்ன பேசினாரு?"

"11.20 இருக்கும். நான் போர்வைய விரிச்சுப் படுத்தேன். திரும்பாமலே சொன்னாரு... 'தள்ளிப் படு'ன்னு. நான் கதவோரமாப் போயிட்டேன்." அவன் துரையை ஏறிட்டுப் பார்த்தான். "குரல் உங்க குரல்தாண்ணே."

மேலே...

க்ரீச்.

யாரோ புரண்டு படுத்தார்கள்.

இரண்டு பேரும் தெருமுனை வரைக்கும் ஓடினார்கள். சாமான்களை எடுக்க மேலே போனது வீட்டுக்காரம்மாதான். பத்தேகாலுக்கு இரண்டு பைகளையும் கொண்டுவந்து தொப்பென்று போட்டாள். "ரூம்ல ஒரு ஈ காக்கா இல்ல. ஆம்பளப் பசங்களா நீங்க?" என்று கேட்டுவிட்டு, போகிறபோக்கில் சொன்னாள். "மெத்தை இன்னும் சூடா இருக்கு. இவ்வளவு நேரம் தூங்கிட்டு இப்ப வந்து பேய்க்கதை சொல்றீங்க."

துரைக்குப் போக வேறு இடம் இல்லை. பட்டறைக்காரன்தான் தன் அத்தை வீட்டுக் கூடத்தில் இடம் வாங்கிக் கொடுத்தான். தரையில் படுத்து, மீதி ஆறு வாரத்தையும் துரை ஓட்டினான். ஒரு பதிவு விடவில்லை. வேலை உத்தரவும் கையில் வந்தது. ஊருக்குக் கிளம்புகிற அன்று பையைத் துழாவினால் அந்த அறைச் சாவி. போகாமல் தபாலில் அனுப்பியிருக்கலாம். ஆனால் கேட்க வேண்டியது ஒன்று இருந்தது.

காலை 11 மணிக்குப் போனான். வீட்டுக்காரம்மா கணக்கில்லாமல் திட்டினாள். அவள் ஓய்ந்த பிறகு கேட்டான். "அந்த ரூம்ல யாராவது செத்திருக்காங்களா?"

"நான் கட்டின வீடு. நான் வாங்கிப் போட்ட புதுக் கட்டில். ஒரு சாவு கிடையாது. அக்கம்பக்கத்துல வேணா விசாரிச்சுக்க."

விசாரித்தான். உண்மைதான். இன்றைக்கு வரைக்கும் அதற்கு மேல் ஒன்றும் தெரியாது.

சாவியை வாங்கி ஆணியில் மாட்டிக்கொண்டே அவள் சொன்னாள். "உங்களுக்கு முன்னாடி பதினாலு பேரு இருந்துட்டுப் போயிருக்காங்க. ஒருத்தனும் பேய் பிசாசுன்னு சொன்னதில்ல. எல்லாரும் ஒரே குறைதான் சொல்லுவாங்க."

"என்ன குறை?"

"கூட இருக்கிறவன் எருமை மாதிரி படுத்தே கிடக்கிறான், எந்திரிக்கவே மாட்டேங்கிறான்னு."

அவள் போன் அடித்தது. புதிதாக யாரோ அறை கேட்டார்கள். துரை வாசலைத் தாண்டுகிற வரைக்கும் அவள் குரல் கேட்டது.

"ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்க வேண்டிய அவசியமே இல்ல தம்பி."